பழைய பிக்கப் வண்டியும் கூடுதல் சுமையும்

சிறு சரக்கு வண்டி வைத்துத் தொழில் செய்யும் வாடிக்கையாளர்கள் நம் கிளைகளுக்கு வந்து கேட்கும் உதவிகளுள் ஒன்று, பார்வைக்கு மிக எளியது. வண்டி ஏழெட்டு ஆண்டு ஓடிவிட்டது, கடனும் அடைந்துவிட்டது, இன்னும் நன்றாகவே ஓடுகிறது. பின்புறம் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, கனமான டயர் மாற்றி, தொட்டியின் பக்கத் தகட்டைச் சற்று உயர்த்திவிட்டால் இப்போது ஏற்றுவதைவிட அரை டன் அதிகம் ஏற்றலாம். அதற்கு ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ கடன் கிடைக்குமா என்பதே கேள்வி. தொகை சிறியது, கேட்பவர் தவணை தவறாதவர். ஆகவே மறுப்பதற்குக் காரணமில்லை என்றே தோன்றும். ஆயினும் இந்தச் செலவு வண்டியின் சுமைத்திறனை உண்மையில் உயர்த்துகிறதா என்பதை முதலில் ஆராய்வது கடன் வாங்குபவருக்கே நன்மை தரும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு வண்டியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் கோலார் தக்காளிச் சந்தையிலிருந்து பெட்டிகளை ஏற்றிச் செல்லும் ஒன்பது வயதுள்ள பிக்கப் அது. பதிவுச் சான்றில் சுமையுடன் கூடிய மொத்த எடை 2,950 கிலோ என்றும், வெற்று எடை 1,700 கிலோ என்றும் பதிவாகியுள்ளது. இரண்டுக்குமான வேறுபாடு 1,250 கிலோ. உரிமையாளர் தம் வண்டி ஒன்றேகால் டன் வண்டி என்று சொல்வது இந்தக் கணக்கைக் கொண்டுதான்.

அவ்வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்ப்போம். ஓட்டுநரும் உதவியாளரும் அமர்ந்திருக்க, சரக்கில்லாமல் நிறுத்தினால் சீட்டில் 1,910 கிலோ என்று வருகிறது. இருவரின் எடை 130 கிலோ. எஞ்சிய 80 கிலோ எங்கிருந்து வந்தது? பின்னாளில் பற்றவைத்த பக்கத் தகடு, கூரை மேல் இரும்புக் கம்பித் தட்டு, முன்புறக் காப்புக் குழாய், கருவிப் பெட்டி ஆகிய எல்லாம் சேர்ந்த எடை அது. சட்டம் ஆட்களையும் சரக்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்த எடையையே பார்க்கிறது. ஆகவே இவ்வண்டி ஏற்றத் தகுந்த சரக்கு 1,040 கிலோ மட்டுமே. பதினைந்து கிலோ தக்காளியும் இரண்டு கிலோ பெட்டியுமாக ஒரு பெட்டிக்குப் பதினேழு கிலோ என்று கொண்டால் 61 பெட்டி. உரிமையாளர் விரும்புவதோ 100 பெட்டி. அப்போது மொத்த எடை 3,610 கிலோவாகிறது. வரம்புக்கு மேல் 660 கிலோ.

எடை மேடையில் ஒரு சீட்டு வாங்குவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எனினும் தம் வண்டியின் உண்மையான வெற்று எடையை அறியாமலே பல ஆண்டுகள் தொழில் நடத்துவோர் பலர். எந்த மாற்றத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்பும் இந்தச் சீட்டைப் பெறுவதே முதற்படி என்று நாம் வற்புறுத்துவோம்.

இனி, கூடுதல் பட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சரக்கின் எடை தொட்டியிலிருந்து சேசிசுக்கும், சேசிசிலிருந்து ஷேக்கிள் வழியாகப் பட்டைக் கட்டுக்கும், அங்கிருந்து ஆக்சிலுக்கும், பேரிங்குக்கும், ரிம்முக்கும், டயருக்கும், இறுதியில் சாலைக்கும் இறங்குகிறது. ஒரு சங்கிலி போன்ற அமைப்பு இது. பட்டையைக் கனமாக்கினால் இச்சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே கனமாகிறது; மற்றவை அப்படியே இருக்கின்றன. பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்பதால் வண்டி சுமையைத் தாங்குவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பின்புறம் தாழ்வது வண்டி தரும் எச்சரிக்கை. பட்டை கூட்டுவது அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. அதிர்ச்சியைப் பட்டை வாங்கிக்கொள்ளாதபோது அது ஷேக்கிள் பொருத்தப்பட்ட இடத்தில் சேசிசின் மேல் விழுகிறது. பழைய வண்டிகளில் விரிசல் தோன்றும் இடங்களுள் அதுவும் ஒன்று. சுமையின்றித் திரும்பும்போது விறைத்த பின்சக்கரங்கள் பள்ளம் மேடுகளில் துள்ளி, சாலையைப் பற்றுவதை இழக்கின்றன.

டயருக்கும் இதுவே பொருந்தும். டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து அச்சிடப்பட்டிருக்கும் எண் அதன் சுமைக் குறியீடு. 104 என்றால் அந்த டயர் உரிய காற்றழுத்தத்தில் 900 கிலோவைத் தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. ஒற்றை டயர் பொருத்திய பின் ஆக்சிலுக்கு இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் 100 பெட்டி ஏற்றினால் பின் ஆக்சிலில் மட்டும் ஏறக்குறைய 2,300 கிலோ விழக்கூடும். டயர் ஒன்றுக்கு 1,150 கிலோ. 108 குறியீடு உள்ள டயர்கூட அதைத் தாங்காது. அதனினும் வலிய டயர் மாற்றலாமே எனில் மாற்றலாம். ஆனால் அடுத்த கண்ணியாகிய ரிம்மும், அதற்கடுத்த பேரிங்கும் பழையவையே அல்லவா?

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது பிரேக். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 2,950 கிலோ வண்டியை நிறுத்துவதற்குத் தேவைப்படுவதைவிட 3,610 கிலோ வண்டியை நிறுத்த 22 விழுக்காடு அதிக ஆற்றலைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். சமவெளியில் இது தெரியாது. கோலாரிலிருந்து பலமநேர், சித்தூர் வழியாகச் சென்னை செல்லும் வண்டிகள் மொகிலி மலைச்சரிவில் இறங்கியாக வேண்டும். முழுச் சுமையுடன் கூடிய 2,950 கிலோ வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு முறை நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதன் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரில், பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் முழுவதையும் டிரம்களும் லைனிங்குகளும் சுமக்க வேண்டும். சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும் என்பதை மலைப்பாதையில் ஓட்டியவர்கள் அறிவர். இதன் மேல் 660 கிலோவைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பல பிக்கப் வண்டிகளில், பின் பிரேக்குகளுக்குச் செல்லும் எண்ணெயின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிசில் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குச் செல்லும். சுமை ஏறிப் பின்புறம் தாழும்போது சேசிசுக்கும் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. அதைக் கொண்டு வால்வு சுமை இருப்பதை உணர்ந்து பின் பிரேக்கின் வலிமையைக் கூட்டுகிறது. கூடுதல் பட்டை போட்ட வண்டி தாழ்வதில்லை. ஆகவே நூறு பெட்டி ஏறியிருந்தும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு கொள்கிறது. பின் பிரேக்குகள் பாதி வேலையே செய்கின்றன. முன் பிரேக்குகள் எல்லாவற்றையும் சுமக்கின்றன. பிரேக் மிகத் தேவைப்படும் வேளையில் அதைக் குறைத்து வைக்கும் மாற்றம் இது. பட்டை கூட்டிய வண்டியை ஏற்கெனவே ஓட்டி வருபவர்கள் இந்தக் கம்பியின் நிலையை உடனே பரிசோதிப்பது நலம்.

சட்டத்தின் நிலை சுருக்கமானது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. எனவே பட்டையும் டயரும் மாற்றிய வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி மொத்த எடையை உயர்த்திப் பதிந்து தருமாறு கேட்பதில் பயனில்லை. அந்த எண் உற்பத்தியாளரின் சான்றிலிருந்து வருவது, பட்டறையிலிருந்து வருவதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கூடுதல் சுமைக்கு 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைச் சுமையை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சேரும். இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். சிமெண்டு மூட்டையானால் இறக்கி வைத்து மறுநாள் எடுத்துச் செல்லலாம். சாலையோரத்தில் வெயிலில் இறக்கப்பட்ட நாற்பது பெட்டி தக்காளியின் கதி என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அபராதத்தை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கணக்குக்காகப் பெட்டிக்குப் பத்து ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், கூடுதலான 39 பெட்டிகளால் ஒரு நடைக்கு 390 ரூபாய் கிடைக்கும். ஒரே ஒருமுறை பிடிபட்டால் 52 நடைகளின் கூடுதல் வருவாய் போய்விடும். அதில் டயர்த் தேய்மானமும் கூடுதல் டீசலும் சேரவில்லை.

காப்பீட்டைப் பற்றிச் சில சொற்கள். பாலிசியில் அறிவிக்கப்படாத மாற்றமும், பதிவுச் சான்றை மீறிய சுமையும் விபத்துக்குப் பின் சர்வேயரின் அறிக்கையில் இடம்பெறும். வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு குறைக்கப்படலாம், மறுக்கப்படவும் கூடும். வழக்கு மன்றத்தில் முடிவாகும் வரை வண்டி பட்டறையில் நிற்கும். தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கும். கடன் தீராத வண்டியாயின் வேறொரு கடமையும் உண்டு. பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருக்கும் வரை, அவ்வண்டியில் எந்த மாற்றம் செய்வதற்கும் வங்கியின் எழுத்துப்பூர்வமான இசைவைப் பெற வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை பெரும்பாலும் உள்ளது. படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் இப்போதேனும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் பழைய வண்டிக்குச் செலவே செய்யக் கூடாதா? செய்யலாம், செய்யவும் வேண்டும். ஒன்பது ஆண்டு ஓடிய வண்டி, புதிதாக வந்தபோது தாங்கிய 2,950 கிலோவையே இன்று சரியாகத் தாங்குகிறதா என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி. பெரும்பாலும் தாங்குவதில்லை. வளைவிழந்த பட்டைகளை உற்பத்தியாளர் குறித்த எண்ணிக்கையிலும் தடிப்பிலும் புதிதாக மாற்றுவது, புஷ்களையும் ஷேக்கிள் பின்களையும் மாற்றுவது, யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் முறுக்குவது, எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களை இரண்டிரண்டாக மாற்றுவது, பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் வைப்பது, தேய்ந்த டிரம்களையும் லைனிங்குகளையும் மாற்றிப் பிரேக் எண்ணெயைப் புதுப்பிப்பது, மேலே சொன்ன வால்வின் கம்பியைச் சரிசெய்வது ஆகியவை வண்டியை அதன் இயல்பான திறனுக்கு மீட்கும் செலவுகள். சரக்கு வண்டிக்கு எட்டு வயதுக்குப் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால் இவற்றுள் பலவற்றை எப்படியும் செய்தே தீர வேண்டும். ஸ்டெப்னியும் மற்ற நான்கு டயர்களின் சுமைக் குறியீட்டையே கொண்டிருக்கட்டும். எங்கிருந்தோ வந்த பழைய டயரை ஸ்டெப்னியாக வைத்திருப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை.

இவற்றுக்கான கடன் கோரிக்கையைப் பட்டறையின் மதிப்பீட்டுச் சீட்டுடன் கொண்டுவந்தால் பரிசீலிப்பதில் கிளைகளுக்குத் தயக்கம் இராது.

செலவின்றியே கிடைக்கும் சுமைத்திறனும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் பின்னாளில் சேர்ந்த 80 கிலோ இரும்பை அகற்றிவிட்டால் ஏற்றத் தகுந்த சரக்கு 1,040 கிலோவிலிருந்து 1,120 கிலோவாகிறது. 61 பெட்டி 65 பெட்டியாகிறது. நான்கு பெட்டிதானே என்று எண்ணலாம். ஆனால் ஒவ்வொரு நடையிலும், யாருக்கும் அஞ்சாமல் ஏற்றும் நான்கு பெட்டி அது. பழைய இரும்புக்குக் கடையில் விலையும் கிடைக்கும்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். பின் ஆக்சிலுக்கு அறுநூறு மில்லிமீட்டர் பின்னால் 300 கிலோவை வைத்தால், சக்கரங்களுக்கிடையே மூன்று மீட்டர் நீளமுள்ள வண்டியில் பின் ஆக்சில் 360 கிலோவைச் சுமக்கிறது. முன் ஆக்சிலிலிருந்து 60 கிலோ குறைகிறது. முன்சக்கரம் இலேசானால் ஸ்டீரிங்கும் இலேசாகும். தொட்டியின் முன்சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்கிப் பின்னோக்கி வருவதும், குறைந்த சுமையானால் பின்பகுதியைக் காலியாக விடுவதும் நல்ல வழக்கம். எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கும் ஒரு சீட்டு என்று வாங்கினால் ஒவ்வோர் ஆக்சிலின் சுமையும் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பின்னும் 65 பெட்டி போதவில்லை எனில், பெரிய வண்டிக்கு மாறுவதைப் பற்றிச் சிந்திக்கலாம். இங்கும் கணக்கே வழிகாட்டட்டும். பழைய வண்டியை விற்ற தொகை போக நான்கு லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் 48 மாதத் தவணை ஏறக்குறைய 10,340 ரூபாய். மொத்த எடை 3,490 கிலோவும், ஆட்களோடு வெற்று எடை 1,960 கிலோவும் உள்ள வண்டியில் 1,530 கிலோ, அதாவது 90 பெட்டி ஏற்றலாம். சீர்செய்த பழைய வண்டியைவிட 25 பெட்டி அதிகம்; நடைக்கு 250 ரூபாய். கூடுதல் டீசல், காப்பீடு, வரி ஆகியவற்றுக்கு மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 13,340 ரூபாயை ஈட்ட மாதம் 54 முழுச்சுமை நடைகள் தேவை. நாளுக்கு இரண்டு நடை வீதம் 27 நாள். தக்காளி வரத்துப் பெருகும் மாதங்களில் இது நடக்கலாம். எஞ்சிய மாதங்களில்? தவணைக்குப் பருவம் தெரியாது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும். 66ஆம் பிரிவு 3,000 கிலோ வரை உள்ள வண்டிகளுக்கே அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. பெர்மிட் இன்றிப் பழகியவர்கள் வண்டி வாங்கிய பின் இதனை அறிந்து திகைப்பதுண்டு. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி அத்தகைய கவலை வேண்டியதில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமத்துடனே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது.

இந்தக் கற்பனை வாடிக்கையாளர் நம் கிளைக்கு வந்து ஆலோசனை கேட்டால் நாம் சொல்வது இதுதான்: பட்டை கூட்ட வேண்டாம், பெரிய வண்டியும் இப்போது வேண்டாம். பழைய வண்டியைச் சீர்செய்து, மிகை இரும்பை இறக்கி, 65 பெட்டியோடு ஓட்டலாம். பருவ நாட்களில் மிஞ்சும் பெட்டிகளை வாடகை வண்டியில் அனுப்பலாம். அந்த வாடகையை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருவது அவசியம். எத்தனை நடை, எத்தனை பெட்டி, எத்தனை திரும்பு சுமை, மிஞ்சியவை எத்தனை என்று ஓராண்டுக்கு எழுதப்பட்ட குறிப்பேடு, வருவாய்ச் சான்றுக்கு நிகரான ஆவணம். மிஞ்சிய பெட்டிகளின் வாடகை மாதத்துக்குப் பதின்மூன்றாயிரத்தைத் தொடர்ந்து தாண்டுமானால், அந்தக் குறிப்பேட்டையும், எடை மேடைச் சீட்டுகளையும், பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்களையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வரலாம். ஒன்பது ஆண்டு வண்டியின் விலை மேலும் குறைவதற்கு முன், பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னதாக வருவது நல்லது. கடன் அனுமதிக்கும் பெர்மிட்டுக்கும் சேர்த்து அவ்வளவு காலம் தேவைப்படும்.